விற்பவள் சொல்லாத பெயர்

பிஷ்கெக்,
செப்டம்பர் 28

மதிப்பிற்குரிய உல்கான் அக்கா அவர்களுக்கு,

தங்களுக்கும், தங்கள் கணவருக்கும், மாமா அவர்களுக்கும் என் பணிவான வணக்கங்கள். வசந்த காலத்தில் தாங்கள் ஷர்ஷெனின் மினிபஸ்ஸில் கொடுத்தனுப்பிய உலர்தயிர் உருண்டைகள் சேதமின்றி வந்து சேர்ந்தன. அதற்கு நன்றி கூற இலையுதிர் காலம் வரை தாமதித்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். தாமதத்துக்குக் காரணம் மறதி அன்று. எந்த உறவைச் சொல்லித் தங்களை விளிப்பது என்று தெளிவுபடாமல் இருந்ததே காரணம். தங்கள் கொழுந்தனாருக்கும் எனக்கும் மணவிலக்கு ஆகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஓரகத்தி என்ற உறவு அதோடு முடிந்ததா, முடியவில்லையா என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதவில்லை. ஆகவே அக்கா என்றே எழுதுகிறேன்.

தாளில் எழுதுவது கண்டு வியக்க வேண்டாம். கைபேசியில் எழுதினால் பொழுது சாய்வதற்குள் அது குடும்பக் குழு முழுவதும் படித்துச் சிரித்த செய்தியாகிவிடும்.

இது அலுவல் கடிதம். எங்கள் நிறுவனத்தின் கைபேசிப் பணப்பைக்கு அட்பாஷிப் பள்ளத்தாக்கின் முகவர் தாங்கள். கடந்த குளிர்காலம் வரை, அதற்குச் 'சுருக்குப்பை' என்று பெயர் இருந்தபோது, தங்கள் கடையில் பதிவு செய்த பெண்களின் எண்ணிக்கை வேறெந்த ஊரையும்விட அதிகமாக இருந்தது. மாஸ்கோவில் உழைக்கும் பிள்ளைகளும் கணவன்மாரும் அனுப்பும் பணம் தங்கள் கடை வழியாகவே பள்ளத்தாக்குக்கு வந்தது. மார்ச் மாதத்தில் பெயர் மாற்றப்பட்டது. அன்றிலிருந்து அட்பாஷியில் புதிதாகச் சேர்ந்தோர் அநேகமாக எவருமில்லை.

நிறுவனர் எல்தார் இளைஞர், வெளிநாட்டில் படித்தவர், நேராகப் பேசுபவர். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அனைவர் முன்னிலையிலும் கேட்டார்: "சைகல் அக்கா, அட்பாஷில மனுஷங்களே இல்லையா, இல்ல உங்க ஏஜென்ட் கடையைப் பூட்டிட்டுத் தூங்கறாங்களா?" அல்மாட்டியில் உள்ள முதலீட்டாளர்கள் வளராத முகவர் நிலையங்களை ஆண்டு முடிவுக்குள் மூடச் சொல்லியிருக்கிறார்கள். தங்கள் கடை அந்த வரிசையில் முதலில் உள்ளது.

என் நிலையையும் சுருக்கமாகத் தெரிவிக்கிறேன். நான் சந்தைப்படுத்தல் பிரிவின் தலைவர். தலைவருக்குக் கீழே ஒருவரும் இல்லை. விளம்பர வாசகம் எழுதுவதும், சுவரொட்டிக்குப் பசை வாங்குவதும், முதலீட்டாளர் வரும் நாளில் அவர்களுக்குத் தேநீர் ஊற்றுவதும் தலைவரே. அலுவலகம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே துளைக்கும் ஓசை கேட்கும்போது மேலே நாங்கள் வளர்ச்சியைப் பற்றிப் பேசுகிறோம். பட்டம் பெற்றவர்கள் நடுவே பட்டமில்லாமல் இந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறேன். நூல்களை நானே தேடிப் படித்து ஏறியவள் என்பதால், இறங்கச் சொல்வதற்கு எவருக்கும் நெடுநேரம் ஆகாது.

பதிவு நின்றதற்கான காரணத்தைத் தெளிவாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சைகல்,
சந்தைப்படுத்தல் பிரிவுத் தலைவர்


அட்பாஷி,
அக்டோபர் 6

சைகலுக்கு,

உன் கடிதத்தைக் கண்டதும் மின்சார ஆபீஸிலிருந்து வந்த நோட்டீஸ் என்று நினைத்து உன் அத்தானிடம் நீட்டிவிட்டேன். அவர் இரண்டு வரி படித்துவிட்டு, "இது நம்ம சைகல்டி, வேற யாரு இப்படி எழுதுவா" என்று திருப்பிக் கொடுத்தார். 'தாங்கள்' 'தாங்கள்' என்று எழுதாதே. நாம் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சாம்பல் அள்ளியவர்கள்.

காரணம் கேட்டிருக்கிறாய். உனக்கா தெரியாது? இவ்வளவு நீளம் எழுதியிருக்கிறாயே, அந்தப் புதுப் பெயரை எங்காவது எழுதினாயா என்று விரல் வைத்துத் தேடினேன். ஓர் இடத்தில்கூட இல்லை. கைபேசிப் பணப்பை என்கிறாய், பெயர் மாற்றப்பட்டது என்கிறாய், என்ன பெயர் என்று சொல்லவில்லை. விற்கிற நீயே சொல்லவில்லை, நான் எப்படிச் சொல்வேன்?

நல்ல சொல்தான், செல்வம் என்று அர்த்தம் வருகிற சொல்தான். ஆனால் அது நம் மாமாவின் பெயர். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இந்த வாயில் அது வந்ததில்லை. இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்த அத்தனை பேருக்கும் அவர் ஒன்று மாமனார், இல்லையென்றால் பெரிய மாமனார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அதே பெயரில் இன்னொருவர் இருக்கிறார், அங்கே உள்ள மருமகள்களும் இதே கதிதான். உங்கள் செயலியை இங்கே பரப்பியது சுவரொட்டியா? கிணற்றடியிலும் ரொட்டி சுடும் இடத்திலும் ஒருத்தி இன்னொருத்திக்குச் சொன்னதுதான். 'சுருக்குப்பை' என்று சத்தமாகச் சொல்லலாம். இதைச் சொல்ல முடியாது.

போன வாரம் நடந்ததைக் கேள். பக்கத்து வீட்டு பெர்மெத் புதிதாக வந்த மருமகளை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"உல்கான், இவளை அதுல சேர்த்து விடு."

"எதுல?"

"அதான், அந்தச் சொல்லக்கூடாததுல."

புதுப்பெண் தலாஸ் பக்கத்துக்காரி, நம் வீட்டுப் பேரெல்லாம் அவளுக்குத் தெரியாது. முகம் வெளிறிவிட்டது. "சொல்லக்கூடாத விஷயம்னா எனக்கு வேணாம் அத்தை, எங்க வீட்ல கேட்டா என்ன சொல்றது," என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராகப் பாங்குக்குப் போய்விட்டாள். பெர்மெத் என்னைப் பார்க்க, நான் அவளைப் பார்க்க, இருவருக்கும் சிரிப்பும் வரவில்லை.

ஒருத்தி 'அது' என்கிறாள். ஒருத்தி 'செல்போன் பெட்டி' என்கிறாள். கைபேசியில் தேடும்போதும் அப்படித்தான் எழுதித் தேடுகிறார்கள். எழுதினாலும் சொன்னது போலத்தானே. உங்களுடையது வராமல் வேறு எவனுடையதோ வந்து நிற்கிறது.

இதுதான் காரணம். உன் எல்தாரிடம் சொல், நான் தூங்கவில்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். நான்கு வருஷமாக ஒரு வரி கிடையாது. இப்போது அலுவல் என்றதும் கடிதம் வருகிறது, அதிலும் பதவியோடு கையெழுத்து. நீ போன அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

உல்கான்


பிஷ்கெக்,
அக்டோபர் 19

அன்புள்ள உல்கான் அக்காவுக்கு,

தாங்கள் விரல் வைத்துத் தேடியது வீண் போகவில்லை. கண்டுபிடித்துவிட்டீர்கள். இந்த அலுவலகத்தில் இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்காதது அது.

மார்ச் மாதம் முதல் இன்றுவரை அந்தப் பெயரை நான் உச்சரித்ததில்லை. 'நமது பொருள்' என்பேன். 'இச்சேவை' என்பேன். 'மேற்சொன்ன பணப்பை' என்பேன். நான் எப்போதும் இப்படித்தான் பேசுவேன் என்று அனைவரும் எண்ணியிருந்தார்கள். என் இலக்கண நடையைக் கேலி செய்தவர்களுக்கு அது எனக்கு முக்காடாக இருந்தது தெரியாது. வானொலி விளம்பரத்துக்குக் குரல் தேவைப்பட்டபோது என் குரல் கரகரக்கிறது என்று சொல்லி ஒரு நாடக நடிகையைக் கூலிக்கு அமர்த்தினேன். ஒவ்வொரு நாளும் ஒரே பொருளைப் புகழ்ந்து, ஒரே பெயரைச் சுற்றி வளைத்துச் செல்வது எத்தகைய உழைப்பு என்பதைத் தாங்கள் ஒருவரே அறிவீர்கள். வீடு திரும்பும்போது தாடை வலிக்கிறது.

பெயர் சூட்டியபோது ஏன் மறுக்கவில்லை என்று கேட்பீர்கள். மறுத்தேன். அல்மாட்டியிலிருந்து வந்த ஆலோசகர் ஐந்து சொற்களை வைத்தார். எழுத்து வடிவம் அழகாக இல்லை, ஓசை கனமாக இருக்கிறது என்று என்னால் இயன்ற காரணங்களையெல்லாம் சொன்னேன். உண்மைக் காரணத்தைச் சொல்வதற்கு, எனக்கு ஒரு மாமனார் இருக்கிறார் என்று முதலில் சொல்ல வேண்டும். ஆவணங்களின்படி எனக்கு அப்படி ஒருவர் இல்லை.

பின்னர் ஏன் இந்த விதியைக் காக்கிறாய் என்றும் கேட்பீர்கள். அந்த வீட்டை விட்டு நான் புறப்பட்ட காலையில் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மினிபஸ் நிற்கும் இடம்வரை நடந்தவர் மாமா. தம் மகனைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. என்னைப் பற்றியும் பேசவில்லை. பெட்டியை ஏற்றியபின் ஷர்ஷெனிடம், "ஜன்னலோரமா உக்கார வை, மலை ஏறினா அவளுக்குத் தலை சுத்தும்," என்று மட்டும் சொன்னார். அந்த வீட்டிலிருந்து பெற்ற அனைத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். இந்த ஒன்றை மட்டும் விட மனம் வரவில்லை.

தாங்கள் ஜன்னலுக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரிந்தது. திரை அசைந்தது. தாங்கள் வெளியே வருவீர்கள் என்று வாசலில் சற்று நின்றேன். வார்த்தை சொல்லாமல் போனவள் நான் ஒருத்தி மட்டுமல்ல.

இப்போது நெருக்கடி வந்துள்ளது. சென்ற வாரம் எல்தார் கண்டுகொண்டுவிட்டார். கூட்டத்தின் நடுவே பேனாவை மேசைமேல் வைத்தார்.

"அக்கா, ஒரு தடவை நம்ம பேரைச் சொல்லுங்க."

"இச்சேவையின் பெயர் அனைவருக்கும் தெரிந்ததே."

"தெரியும். நீங்க சொல்லிக் கேக்கணும். நான் யோசிச்சுப் பாத்தேன், உங்க வாய்ல இருந்து அதை நான் கேட்டதே இல்ல."

"தேவை எழும்போது சொல்வேன்."

"பதினாலாம் தேதி தேவை எழும்," என்றார். அனைவரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

நவம்பர் பதினான்காம் தேதி அல்மாட்டி முதலீட்டாளர்கள் முன்னிலையில் மேடையேறி, பெயரை முழங்கி, நான் அறிமுக உரை நிகழ்த்த வேண்டும். சொல்லாவிட்டால் இந்த நாற்காலி எனக்கில்லை என்பதை அவர் மென்மையாகவே தெரிவித்துவிட்டார்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். மாமாவிடம் எனக்காக இசைவு கேளுங்கள். மருமகளுக்கு மாமனாரே பெயர் சொல்ல அனுமதி தந்த வீடுகள் உண்டு. அவர் சரியென்றால் சொல்வேன்.

தங்கள் கடைக்கும் ஒரு யோசனை. ஆளுக்கொரு சொல் சொல்வதால்தான் குழப்பம். ஒரு பொருளுக்கு ஒரே பெயர் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். பெண்கள் அனைவரையும் கூட்டி, மரியாதையான ஒரு மாற்றுச் சொல்லை முடிவு செய்து, அதையே எல்லாரும் வழங்கச் செய்யுங்கள்.

சைகல்


அட்பாஷி,
நவம்பர் 9

சைகலுக்கு,

பதில் தாமதம். குளிர்கால இறைச்சிக்குக் குதிரை அறுக்கிற வேலை, அதோடு கடை.

நீ சொன்ன யோசனையை அப்படியே செய்தேன். பெண்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, மாவு பொரித்துப் போட்டு, தேநீர் ஊற்றி, ஒரு பொருளுக்கு ஒரே பேர் என்று உன்னைப் போலவே பேசினேன். பெர்மெத்தான் அந்தச் சொல்லைச் சொன்னாள். உடனே எல்லாருக்கும் பிடித்துப் போயிற்று. இரண்டே வாரத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கமும் அதே சொல். புதிதாகச் சேர்கிறார்கள், உன் கணக்கிலும் தெரிந்திருக்கும். என்ன சொல் என்று எழுதமாட்டேன். நேரில் வந்தால் சொல்கிறேன், சிரிப்பாய்.

மாமாவிடம் கேட்டுப் பார்த்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று நீயும் நானும் யோசிக்கவில்லை.

"மாமா, ஒருத்தி ஒரு பேரைச் சொல்லலாமான்னு கேக்கறா."

"எந்தப் பேரு?"

"அதை நான் எப்படி மாமா சொல்றது?"

"நீயே சொல்லலைன்னா அவ சொல்லலாமான்னு நான் எப்படிச் சொல்றது?"

"ஒரு கம்பெனிக்கு வெச்ச பேரு."

"கம்பெனிக்கு வெச்ச பேரைக் கம்பெனிக்காரன்தான் சொல்லணும்," என்று சொல்லிவிட்டுக் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். காது வேறு இப்போது பாதிதான் கேட்கிறது. நான் கத்தினால் தெருவே வந்து நிற்கும். நீயே வந்து கேள். ஷர்ஷெனிடம் இடம் சொல்லி வைக்கிறேன்.

ஜன்னலைப் பற்றி எழுதியிருந்தாய். ஆமாம், நின்றேன். கதவைத் திறந்தால் நானும் உன்னோடு அந்த மினிபஸ்ஸில் ஏறிவிடுவேன் என்று பயந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அத்தான் நல்லவர்தான். இருந்தாலும் அன்றைக்குக் காலையில் எனக்கு அப்படி இருந்தது.

உல்கான்


அட்பாஷி,
நவம்பர் 17

சைகலுக்கு,

உன் கம்பளிச் சால்வையை மறந்துவிட்டுப் போய்விட்டாய். இதோடு அனுப்பியிருக்கிறேன். ஒரு கிண்ணம் தேநீர் குடித்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ஓடிவிட்டாயே. நீ முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்திருந்ததால் நடந்த எதையும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். எழுதுகிறேன், இல்லையென்றால் நீ அதை ஆயுள் முழுக்கத் தப்பாகவே நினைத்துக்கொண்டிருப்பாய்.

பெண்கள் முடிவு செய்த சொல் 'பெரியவர்'. அதை முன்பே எழுதித் தொலைத்திருக்க வேண்டும்.

பதின்மூன்றாம் தேதி காலையில் உங்கள் செயலி நின்றுபோனது. விழாவுக்காக உள்ளே ஏதோ மாற்றினார்களாம், நீதான் சொன்னாய். இங்கே குதிரை வாங்கப் பணம் எதிர்பார்த்திருந்தவர்கள் எல்லாரும் நம் வீட்டோடு ஒட்டிய கடைக்கு முன்னால் கூடிவிட்டார்கள். பெர்மெத் வாசலில் நின்று கைபேசியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "பெரியவர் போயிட்டாரு உல்கான், எழுப்பினா எழுந்திருக்கல," என்று கத்தினாள். ஷர்ஷென் அப்போதுதான் ஒன்பதாம் தேதி நான் உனக்கு எழுதிய கடிதத்தை வாங்கிக்கொண்டு மினிபஸ்ஸைக் கிளப்பினான். அவன் என்ன கண்டான்? அவனையே பிடித்துக் கேட்டேன். "பெரியவர் போயிட்டாருன்னாங்க, உங்க வீட்டு வாசல்ல கூட்டமா நின்னாங்க, நான் அதைத்தானே சைகல்கிட்டச் சொன்னேன்," என்கிறான். நீ அன்று மாலை முழுக்க எனக்குப் போன் போட்டாயாம். ஊரே எனக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தது, எப்படிக் கிடைக்கும்?

மறுநாள் மதியமும் கூட்டம் கலையவில்லை. அப்போதுதான் ஷர்ஷெனின் வண்டி நின்றது. நீ இறங்கினாய். வாசல் கதவைத் தொடும் முன்பே ஒப்பாரியை எடுத்துவிட்டாய்.

கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. உனக்குப் பட்டணத்தில் நாக்கு மரத்துப் போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். 'என் பெட்டியைச் சுமந்த தோளே, எனக்கு ஜன்னலோரம் இடம் கேட்ட வாயே, பெற்ற மகன் கைவிட்ட இடத்தில் நடந்து வந்த காலே' என்று நீ எடுத்தபோது பெர்மெத்துக்கும் அழுகை வந்துவிட்டது. யார் செத்தது என்று தெரியாமலே அவளும் பின்பாட்டுப் பாடினாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். நான் கல்லாவை விட்டு ஓடி வருவதற்குள் வாசல் முழுக்கத் துக்க வீடு.

தொழுவத்திலிருந்து மாமா வைக்கோல் வாரும் முள்கம்போடு வந்தார். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"யாரும்மா போனது?"

நீ நிமிர்ந்து பார்த்தாய், திரும்பவும் முக்காட்டை இழுத்துக்கொண்டாய். அதன் பிறகு நீ எதையும் பார்க்கவில்லை. அவர் அங்கேயே நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உனக்குக் கோபப்பட்டார் என்று தோன்றியிருக்கும். இல்லை. உள்ளே வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "முதல்ல இருந்து பாடினாளா? நான் ஜன்னலோரம்னதுல இருந்துதான் கேட்டேன்."

நீ போன பிறகு நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கம்பெனி, பேர், மேடை, நாற்காலி எல்லாம். காதருகில் உட்கார்ந்து, கத்தாமல். அவர் உலர்தயிரைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"அந்த ஊர்ல அவ சொன்னா யாருக்கு தெரியப் போவுது?"

"யாருக்கும் தெரியாது மாமா."

"அப்படியிருந்தும் சொல்லலையா?"

"சொல்லலை."

கடித்த உருண்டையைத் தட்டில் வைத்தார். பிறகு சொன்னார்: "சின்னவன் இப்ப கட்டியிருக்கானே மாஸ்கோக்காரி, அவ போன்ல என்னை அப்பன் பேரும் சேத்துக் கூப்பிடறா. அவங்க ஊர்ல அதுதான் மரியாதை, எனக்கு வருத்தம் இல்ல. இவளுக்கு எழுது. வேலைக்கு வேணும்னா சொல்லிக்கட்டும், நான் கோச்சுக்க மாட்டேன். சொல்லலைன்னா, எனக்கு இந்த ஊர் வழக்கத்துல இன்னும் ரெண்டு மருமக இருக்காங்கன்னு நெனச்சுக்கறேன்."

அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

உல்கான்


பிஷ்கெக்,
நவம்பர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

சால்வை வந்தது. மாமாவின் சொற்களும் வந்தன. உடனே பதில் எழுதாமைக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னதை ஒரு வேலை நாள் முழுவதும் கைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். எடுத்துப் படிக்கவில்லை. இருக்கிறதா என்று தொட்டு மட்டும் பார்த்தேன்.

பதினான்காம் தேதி மேடையில் எனக்குப் பதிலாக எல்தாரே பேசினார். 'என் மாமனார் காலமானார்' என்று சொல்லிவிட்டு நான் புறப்பட்டபோது அவர் மறு பேச்சுப் பேசவில்லை. அலுவலகத்தார் எல்லாரிடமும் கையேந்தி துக்கச் செலவுக்கென்று ஓர் உறையில் பணம் சேர்த்துக் கொடுத்தார். திரும்பி வந்தபின் துணிவு வராமல், தங்கள் கடிதம் கிடைத்த மறுநாள்தான் அந்த உறையை அவர் மேசைமேல் வைத்தேன்.

"என்னக்கா இது?"

"காலமானவர் நலமாக இருக்கிறார்."

என் வாழ்நாளில் இதைவிடக் கடினமான வாக்கியத்தை நான் அமைத்ததில்லை. அவர் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். அனைத்தையும் வரிசையாகச் சொன்னேன். சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு சொல்லுக்காகவா அக்கா இவ்வளவு நாளும் சுத்தி சுத்திப் பேசினீங்க? முன்னாடியே சொல்லியிருந்தா வேற பேர் வெச்சிருப்பேனே."

"இப்போது மாற்ற இயலுமா?"

"இப்போ முடியாது. அல்மாட்டிக்காரங்க கையெழுத்துப் போட்டுட்டாங்க. உங்க மாமனார்தான் சொல்லலாம்னுட்டாரே, சொல்லிடுங்க. ஒரே ஒரு தடவை. நான் மட்டும் கேக்கறேன். நாற்காலி உங்களோடது."

சாத்திய கதவுக்குப் பின்னே நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். கீழே பல் துளைக்கும் ஓசை கேட்டது. அனுமதி கைப்பையில் இருந்தது. வாயைத் திறந்தேன், அக்கா. முதல் எழுத்துக்காக நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது. அப்போது 'இன்னும் ரெண்டு மருமக' என்றது காதில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"இயலாது" என்றேன். "மன்னிக்கவும்."

அவர் கெட்டவர் அல்லர். பெயர் சொல்லாத ஒருவரைத் தலைவராக வைத்துக்கொள்ள முடியாது என்றார். அது நியாயமே. நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன். இஸ்தான்புல்லில் படித்த ஒருவர் டிசம்பரில் என் இடத்துக்கு வருகிறார். நாரின் மாகாணத்து முகவர் நிலையங்களை மட்டும் என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள், வசந்தம் வரை. சம்பளம் குறைவு. மேசை படிக்கட்டின் பக்கம் நகர்ந்துவிட்டது. களைப்பாக இருக்கிறது, அக்கா. ஆனால் தாடை வலிக்கவில்லை. மாடியில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. இப்போது நான் 'இச்சேவை' என்றால் எவரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நாற்காலியை விட்டு எழும் முன் ஒன்றை மட்டும் போராடிப் பெற்றேன். கைபேசியில் 'பெரியவர்' என்று எழுதித் தேடினால் இனி எங்கள் பணப்பை வந்து நிற்கும். மூன்று நாட்கள் வாதாடினேன். எல்தார் அட்பாஷியின் நவம்பர் கணக்கை எடுத்துப் பார்த்த பிறகு வாதாடுவதை நிறுத்திவிட்டார். தங்கள் கடையை மூடமாட்டார்கள்.

அன்று திரும்பும்போது வண்டியில் கூட்டம். ஷர்ஷென் ஒரு தடித்த மனிதரை எழுப்பிவிட்டு எனக்கு ஜன்னலோரம் கொடுத்தான். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் ஜன்னலைப் பற்றி எழுதியதற்கும் நான் பதில் சொல்லவில்லை. நீங்கள் அன்று ஏறியிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். ஏறாமல் இருந்ததால்தான் எனக்கு எழுத ஒரு முகவரி இருந்தது.

இப்படிக்கு,
இளைய மருமகள்,
சைகல்

பின்குறிப்பு: தங்கள் கடைக்குப் புதிய பெயர்ப்பலகை எழுத நாரினில் ஒரு பெயின்டரிடம் பேசியிருக்கிறேன். அதில் 'பெரியவர்' என்றே எழுத விரும்புகிறேன். மாமா உயிரோடிருக்கும்போது அப்படி எழுதுவதில் அவருக்குச் சம்மதமா என்று கேட்டுச் சொல்லுங்கள். பெயின்டர் சனிக்கிழமை வரைதான் காத்திருப்பார். விரைவில் பதில் எழுதுங்கள்.